முள் அசையேல்லை

— அவளை உள்ளுக்கு விடாதையுங்கோ! இஞ்சேருங்கோ, உங்களுக்குத்தான் சொல்லுறன். என்ர தம்பியைச் சாக்காட்டினவன்ர பெண்டாட்டிக்கு இந்த வீட்டு வாசல்ல என்ன வேலை?

— மொனிகா, கத்தாதை. செலஸ்ரீனா, துவாயால சுத்திக் கொண்டு வந்திருக்கிறது என்ர கரண்ட் பாக்கிற மீற்றர்தானே?

— ஓம், ஏர்னஸ்ற் அண்ணை. ஒருத்தருக்கு மூண்டு பேரிட்டைச் சொல்லியனுப்பினியள். சுவாம்பிள்ளையர் வந்தார், இராசாத்தி வந்தா, பிறகு கோயில் மணியடிக்கிற பெடியனும் வந்தான். அதுதான் நானே கொண்டு வந்தனான். வாசல்லையே நிண்டு கதைப்பமோ? உங்கட மீன்கடைக்காரன் கத்தியைக் கீழ வைச்சிட்டுப் பாக்கிறான். எனக்கெண்டால் ஒண்டுமில்லை, முழு வுச்சீரியாச் சந்தைக்கும் கேக்கட்டும்.

— உள்ள வா. வந்து கதவைச் சாத்து.

— வரட்டும், வரட்டும். றொனியின்ர படத்துக்கு முன்னாலை வந்து நிக்கட்டும். மெழுகுதிரியைப் பாரடி. முப்பத்தொண்டாம் நாள் பூசை கூட இன்னும் வரேல்லை. சவக்காலையில போட்ட பூ வாடேல்லை. அதுக்குள்ள தலைவாரிப் பொட்டும் கிட்டுமா வெளிக்கிட்டு வந்திட்டாய்.

— அக்கா, றொனி எங்கட வீட்டிலையும் சாப்பிட்ட பிள்ளை...

— என்னை அக்கா எண்டாதை!

— சரி, இருக்கட்டும். சொல்லேல்லை. பூசைக்கு வந்தால் வாங்கில எனக்குப் பக்கத்தில இருந்தவையை எழுப்பிக்கொண்டு போறியள். அதையும் நான் கேக்கேல்லை. என்ர மூத்தவனைப் பள்ளிக்கூடத்தில "அஸாஸினோவின்ர மகன்", கொலைகாரன்ர மகன் எண்டு கூப்பிடுறாங்கள். இத்தாலியன் பெடியளுக்கு அது எப்பிடித் தெரியுமெண்டும் நான் கேக்கேல்லை. எனக்கு இண்டைக்கு அண்ணையோடதான் கதை.

— என்னோட என்ன கதை? மீற்றரை மேசையில வை, நட. எனக்கு வேலை கிடக்கு.

— வைப்பன். முதல் நான் கேக்கிறதுக்குப் பதில் வரட்டும்.

— பேரம் பேச வந்தனியோ? என்ர சாமானை என்ர வீட்டுக்குக் கொண்டு வந்து?

— அண்ணை, திங்கக்கிழமை என்ர மனுசன் ஸ்ரீபனைக் குவெஸ்தூராவுக்கு, பொலிஸ் கந்தோருக்கு, வரச்சொல்லியிருக்கினம். வழக்கு எழும்பினால் பெர்மெஸ்ஸோ விசாவைப் புதுப்பிக்க மாட்டினம். கொழும்புக்குப் பிளேன் ஏத்துவாங்கள். யாழ்ப்பாணத்துப் பெடியன், கையில இத்தாலிப் பொலிஸ் கடுதாசி. கட்டுநாயக்காவில இறங்கினவுடனை என்ன நடக்குமெண்டு நான் உங்களுக்குச் சொல்லோணுமோ? அந்த மனுசன் சோறு தின்னுறதில்லை. சுவரைப் பாத்துக்கொண்டு இருக்குது. எல்லாம் உங்கட ஒரு வாய்ச்சொல்லிலை தொங்குது.

— நான் கண்டதைச் சொன்னன். விளங்குதோ? கூட்டியும் சொல்லேல்லை, குறைச்சும் சொல்லேல்லை.

— நீங்கள் இத்தாலியனிலை சொன்னதை ஆரோ தமிழிலை சொல்லித்தான் கேட்டனான். உங்கட வாயால ஒருக்கால் சொல்லுங்கோ. கேட்டிட்டு வைச்சிட்டுப் போறன்.

— இவளுக்கு நீங்கள் என்னத்துக்குச் சொல்லோணும்? பிடரியில பிடிச்சுத் தள்ளுங்கோ!

— இல்லை மொனிகா, சொல்லுறன். எனக்கென்ன பயம்? கேளடி. மடு மாதா திருநாளுக்குக் கோயில் மண்டபத்தில லைற் கட்டினனாங்கள். நானும் றொனியும் உன்ர மனுசனும். றொனி ஏணியில. உன்ர மனுசன் மெயின் சுவிச்சுக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருந்தவன். நான் அவனை மெயினை நிப்பாட்டச் சொன்னன். நிப்பாட்டினவன். நான் மீற்றரை வைச்சுப் பாத்தன். முள் அசையேல்லை. அப்பதான் "செத்துப்போச்சு" எண்டு சொன்னன். வயரில கரண்ட் இல்லையெண்டால் எங்கட வேலையில அப்பிடித்தான் சொல்லுறது. வாசல்ல பூக் கட்டிக்கொண்டிருந்த பொம்பிளையளுக்கும் கேட்டது. அவையும் சாட்சி சொல்லியிருக்கினம்.

— கேட்டதுதான். ஸ்ரீபனும் ஓமெண்டுதான் சொல்லுறார்.

— பிறகென்ன? மீற்றரைப் பெட்டியில போட்டுப் பூட்டினன். நான் அங்கால திரும்ப, உன்ர மனுசனுக்கு வெக்கை தாங்கேலாமல் போச்சு. காத்தாடியைச் சுத்தவிட மெயினைப் போட்டிட்டான். றொனி வயரிலை கை வைச்சிட்டான். அவ்வளவுதான்.

— என்ர மாதாவே... திரும்பத் திரும்பச் சொல்லாதையுங்கோ. ஒவ்வொருக்காலும் அவன் புதுசா விழுகிறான்.

— ஸ்ரீபன் வேறை மாதிரிச் சொல்லுறார். மெயினை நிப்பாட்டச் சொல்லி நீங்கள் சொல்லவேயில்லையாம். எந்த வயரில கரண்ட் வருதெண்டு முதல் பாக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டு மீற்றரை எடுத்தனீங்களாம். பிறகு "செத்துப்போச்சு" எண்டு கேட்டதாம். அப்ப அந்த வயரிலை கரண்டே இல்லையாக்குமெண்டு இவர் பேசாமல் இருந்தவராம். சுவிச்சிலை கையே வைக்கேல்லையாம்.

— பொய்! பச்சைப் பொய்! தப்பப் பாக்கிறான்.

— உங்கட குரலும் ஒரு மாதிரி இருந்ததாம். அழுமாப்போல.

— குரல் எப்பிடி இருந்தாலென்ன? சொல்லு சொல்லுத்தானே!

— சரி, இருக்கட்டும். பெட்டியில போட்டுப் பூட்டின பிறகு நீங்கள் அந்த மீற்றரைத் திறந்தனீங்களோ?

— எப்பிடித் திறக்கிறது? றொனியைத் தூக்கிக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினம். திரும்பி வந்து பாக்கப் பெட்டியே இல்லை. உன்ர மனுசன்தான் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறானெண்டு அப்பவே நினைச்சனான்.

— அப்ப, பூட்டின பிறகு திறக்கவேயில்லை. கண்ணாலையும் காணேல்லை.

— இல்லையெண்டுறன்! மடு மாதாவாணை, மண்டபத்தில பூட்டின பெட்டியை நான் பிறகு திறக்கேல்லை. காணுமோ? இப்ப குடு.

— இன்னும் ஒண்டு. செத்த வீடு முடியேல்லை, ஆளனுப்பத் தொடங்கியிட்டியள். மச்சானை மண்ணுக்குள்ள வைச்ச கையோட ஒரு பழைய மீற்றரைத் தேடுற மனுசரை நான் இப்பதான் காணுறன்.

— அதை நானும் கேட்டனான். ஒப்பாரி வைச்சுத் தொண்டை கட்டிப் போய்க் கிடக்கிறன், இவர் அலுமாரிக்குக் கீழை குனிஞ்சு மீற்றர் தேடுறார்.

— மொனிகா! நீ ஆற்ற பக்கம்?

— ஆற்ற பக்கமுமில்லை. கண்டதைச் சொன்னன்.

— பொலிதேயாமாப் பக்கம் கடைக் கண்ணாடிக்குள்ள டிஜிற்றல் மீற்றர் குவிஞ்சு கிடக்கு, அண்ணை. பளிச்செண்டு இலக்கம் காட்டுது. இந்தக் கறுத்தப் பெட்டியையே ஏன் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?

— டிஜிற்றலோ? அந்தப் பேரை இந்த வீட்டிலை சொல்லாதை! இலக்கம் காட்டும், ஓம். ஒருக்கால் முப்பது எண்டும், கண்ணை மூடித் திறக்க எழுபது எண்டும். வயரிலை ஒண்டுமே இராது. பக்கத்து வயரிலை ஓடுறதை மோந்து பிடிச்சு, இதிலையும் இருக்கெண்டு புழுகும். பேய்க் கரண்ட்! இல்லாததை இருக்கெண்டு சொல்லுற சாமானை வைச்சு ஆர் வேலை செய்யிறது? பற்றரி இறங்கினால் அதுவும் இல்லை, கண்ணை மூடிப்போடும். இதுக்கு வீட்டுக் கரண்டை அளக்கப் பற்றரியே தேவையில்லை, விளங்குதோ? வாற கரண்ட்தான் முள்ளைத் தள்ளுறது. தள்ள ஒண்டுமில்லையெண்டால் முள் படுத்திருக்கும். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

— பொய் சொல்லத் தெரியாது. சரி.

— முள் எழும்பிற விதத்திலையே வயரின்ர குணம் தெரியும். நல்ல கரண்டெண்டால் ஒரே எழும்பு. எங்கையாவது இணைப்பு லூசெண்டால் குளிர்பிடிச்ச ஆள் மாதிரி நடுங்கும். பழைய ரேடியோவைத் திறந்து வைச்சால், எழும்பி, யோசிச்சு, மெதுவாச் சாயும். அப்பவே எனக்குத் தெரியும், எந்தச் சாமான் சாகக் கிடக்குதெண்டு. இலக்கத்திலை இந்தச் சீவனைக் காணேலுமோ?

— கேளுங்கோ கதையை. பெத்த பிள்ளையைச் சொல்லுற மாதிரி. எங்களுக்குப் பிள்ளையில்லாத குறைக்கு அந்தப் பெட்டியைத்தான் மடியில வைச்சுக்கொண்டு இருக்கிறவர்.

— நீ சும்மா இரு. லிபெர்த்தாத் தெருவில ஒரு அவ்வொக்காத்தோ இருக்கிறார். பெரிய லோயர், ஆனால் ஒரு பல்ப்பு மாத்தத் தெரியாது. அவற்ற மேல்மாடி முழுக்க முள் மீற்றர்தான். மரப்பெட்டியில செய்தது, பேக்கலைற்றில செய்தது, சண்டைக் காலத்து ஜெர்மன்காரன்ரை. பழுதானால் என்னட்டைத்தான் வரும். பின்னேரத்தில ஒண்டை எடுத்து மேசையில வைச்சு, முள் ஆடுறதைப் பாத்துக்கொண்டே இருப்பார். படிச்ச மனுசன் விசரனோ?

— விசரன் எண்டு நான் சொல்லேல்லை.

— முள்ளுக்குக் கீழை ஒரு கண்ணாடிக் கீலம் ஓடுது. முகம் பாக்கிற கண்ணாடி. என்னத்துக்குத் தெரியுமோ? முள்ளும், கண்ணாடிக்குள்ள தெரியிற முள்ளும் ஒண்டுக்கு மேலை ஒண்டா மறையோணும். அப்பதான் நீ நேரா நிண்டு பாக்கிறாயெண்டு அர்த்தம். சரிஞ்சு நிண்டு பாத்தால் பிழையாத்தான் தெரியும். இவ்வளவு யோசிச்சுச் செய்த சாமான்! இனி ஆர் செய்யப்போறான்?

— நேரா நிண்டு பாக்கோணும். அந்தக் கண்ணாடியை மனுசருக்கும் பூட்டி விட்டிருக்கலாம்.

— நக்கல் அடிக்காதை. உன்ர மனுசன் சிறைக்குப் போகப் போறான், நீ இஞ்சை நிண்டு நக்கல் அடிக்கிறாய்.

— சரி, இருக்கட்டும். ஆனால் எனக்கொரு பயம், அண்ணை. வரேக்க பஸ்ஸிலை பிரேக் அடிச்சவன். மீற்றர் கம்பியில இடிபட்டுது. ஏதும் உடைஞ்சிருக்குமோ?

— இடிபட்டால் ஒண்டுமாகாது. "அந்திஊர்த்தோ" எண்டு முகப்பிலையே எழுதியிருக்கு, இடிதாங்கும் எண்டு அர்த்தம். ஒருக்கால் வயரிங் வேலைக்குப் போன சறோஜா வீட்டுப் பல்கனியிலையிருந்து கீழை விழுந்தது. பெட்டி மூலை சிதறினது, முள்ளுக்கு ஒரு கீறுமில்லை. விழுந்து வளையிற முள்ளில்லை அது. அதை வளைக்கக் கூடியது ஒண்டே ஒண்டுதான்.

— என்னது?

— உதிலை திருகிற குமிழ் கிடையாது. ஓட்டையள்தான். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு ஓட்டை, வயரை அதுக்குள்ள குத்தோணும். வீட்டுக் கரண்டுக்கு இருநூற்றைம்பது எண்ட ஓட்டை. அதே வரிசையிலை பத்து எண்டும் ஒண்டு இருக்கு. அவசரத்திலை பத்துக்குள்ள குத்திப்போட்டு வீட்டுக் கரண்டிலை வைச்சியோ — டக்! முள் பறந்து போய் வலப்பக்கத்து ஆணியிலை அடிச்சு வளைஞ்சு போகும். பிறகு அதுக்குச் சீவனில்லை. அதுதான் கேக்கிறன், உன்ர பெடியள் ஆரும் இதைப் பிளக்கிலை கிளக்கிலை வைச்சவங்களோ?

— ஏன் கேக்கிறியள்?

— முள் வளைஞ்சிருந்தால் என்ர தலையிலை கட்டாதை எண்டு சொல்லுறன். இவ்வளவு நாளும் உங்கட வீட்டிலைதானே கிடந்தது. பெடியள் நோண்டியிருப்பாங்கள். பெடியள் உள்ள வீடு, சொல்லேலாது.

— வளைஞ்சிருக்குமெண்டே நினைக்கிறியள்?

— வளைஞ்சிருந்தாலும் இருக்கும். மொனிகா, நீயும் பார். பிறகு இவள் கதையை மாத்துவாள். வளைஞ்சிருந்தால் அது இவையின்ர வீட்டிலை நடந்தது. நீதான் சாட்சி.

— இந்தாங்கோ. நீங்களே துவாயை அவிழுங்கோ. ஏன் அண்ணை, முடிச்சை அவிழ்க்காமல் இறுக்கிறியள்? இணைப்பு எங்கையும் லூசோ?

— வாயை மூடு. அவிழ்க்கிறன்... இது... என்ன இது?

— வடிவாப் பாருங்கோ. முள் எப்பிடி?

— நேரா நிக்குது.

— அப்ப சந்தோசம்தானே? என்ர பெடியள் தப்பினாங்கள். ஏன் இன்னும் முள்ளையே பாத்துக்கொண்டு நிக்கிறியள்?

— இது என்ர மீற்றர் இல்லை.

— அதே கறுப்பு, அதே ஓட்டையள், அதே கண்ணாடிக் கீலம்.

— என்னைப் பேய்க்காட்டுறியோ? இது வேறை ஒண்டு! மாத்திக் கொண்டு வந்திருக்கிறாய்!

— எப்பிடித் தெரியும்? பின்பக்கத்தில நீங்கள் பேர் கீறி வைச்சிருக்கிறதெண்டு ஸ்ரீபன் சொன்னவர். நீங்கள் இன்னும் திருப்பிப் பாக்கேல்லை. முள்ளை மட்டும்தான் பாத்தனீங்கள்.

— என்ர சாமான் எனக்குத் தெரியாதோ? என்ரையின்ர முள்...

— உங்கடையின்ர முள்?

— உனக்கேன் அது?

— என்ன இது? ஒரு முள்ளுக்கு ஏன் இப்பிடி முழுசுறியள்? சொல்லுங்கோவன்! இவளுக்குப் பயந்தோ நிக்கிறியள்?

— ஆருக்கடி பயம்? என்ரையின்ர முள் வளைஞ்சது! வளைஞ்ச முள் நிமிருமோ? எங்கையடி என்ர மீற்றர்?

— எனக்குத் தெரியாது, அண்ணை. ஸ்ரீபன் அதை எடுக்கவேயில்லை. மண்டபம் கூட்டின குப்பையோட போச்சுதோ, ஆர் கண்டது? இது உங்கட அவ்வொக்காத்தோவின்ர. அவரிட்டை வேலை செய்யிற சறோஜா பிள்ளைப்பெத்துக்கு நிக்க, அந்த மேல்மாடியிலை இப்ப தூசு தட்டுறது நான்தான். கேட்டு வாங்கிக்கொண்டு வந்தனான், பின்னேரம் திருப்பிக் குடுக்கோணும்.

— எடியே... திட்டம் போட்டு வந்தனியோ!

— ஓம். ஸ்ரீபனுக்கு அண்டைக்கு ஒரு சத்தம் கேட்டது. டக் எண்டு. அதுக்குப் பிறகுதான் உங்கட குரல். என்ன சத்தமெண்டு அவருக்கு விளங்கேல்லை. நான் அந்த லோயரிட்டைக் கேட்டன். தட்டிலையிருந்து ஒண்டை எடுத்து, வளைஞ்ச முள்ளைக் காட்டினார். இப்ப நீங்கள் சொல்லுங்கோ. முள் அசையேல்லை. பெட்டியிலை போட்டுப் பூட்டினியள். பிறகு திறக்கவேயில்லை, மடு மாதாவாணை. அப்ப முள் எப்ப வளைஞ்சது?

— அது... ஏணியோட விழுந்து...

— இடிதாங்கும். பல்கனிக் கதை இப்பதான் சொன்னியள்.

— முதல்லையே வளைஞ்சிருந்தது! பழைய மீற்றர், எப்பவோ வளைஞ்சது!

— இல்லை.

— மொனிகா, உனக்கு உது விளங்காது.

— அண்டு காலமை இந்த மேசையிலைதான் வைச்சுத் துடைச்சனீங்கள். அந்தா, அந்தப் பிளக்கிலை குத்திப் பாத்தனீங்கள். முள் விறைப்பா எழும்பினது. றொனி தேத்தண்ணிக் கோப்பையோட நிண்டு பகிடி விட்டவன், "அத்தான், அக்காவின்ர முகத்தைக் கூட நீங்கள் இப்பிடிப் பாக்கிறேல்லை" எண்டு. நானும் சிரிச்சனான். அவனோட நான் கடைசியாச் சிரிச்சது அது. எனக்கு மறக்குமோ?

— நீ பேசாமல் இரு, சொல்லிப்போட்டன்!

— பேசாமல் இருந்தபடியாத்தானே இவளின்ர பிள்ளையளையும் சேத்துத் திட்டினனான்.

— அண்ணை, முள் ஆணியிலை அடிச்சதெண்டால் நீங்கள் வைக்கேக்க வயரிலை கரண்ட் இருந்தது. மெயின் போட்டபடியே கிடந்தது. ஸ்ரீபன் போடவுமில்லை, நிப்பாட்டவுமில்லை. திங்கக்கிழமை என்னோட குவெஸ்தூராவுக்கு வந்து அதைச் சொல்லுவியளோ, மாட்டியளோ?

— மாட்டன்! நான் பொய் சொல்லேல்லை! "செத்துப்போச்சு" எண்டு நான் சொன்னனான். எத்தினை பேர் சாட்சி! முழு மண்டபத்துக்கும் கேட்டது. மொனிகா, மாதாவாணை, றொனிக்கும் கேட்டது. கேட்டுத்தான் அவன் கை வைச்சவன்!

— ஓம். கேட்டுத்தான் வைச்சவன். அத்தான் ஒரு சொல்லுச் சொன்னால் அவனுக்கு வேறை சாட்சி வேண்டாம்.

— அதைத்தானே நானும் சொல்லுறன்!

— இஞ்சேருங்கோ, அவளைப் பாக்காதையுங்கோ, என்னைப் பாருங்கோ. சரியாமல் நேரா நிண்டு பாருங்கோ. அழுமாப்போல செத்துப்போச்சு எண்டு நீங்கள் சொன்னது... வயரையோ, மீற்றரையோ?